அடிவயிற்று ஸ்கேன்: படம் தெளிவாக இருந்தும் பதில் கிடைக்காதது ஏன்?

கேள்வி இது: ஒரே பெண்ணுக்கு ஒரு மாத இடைவெளிக்குள் இரண்டு இடங்களில் அடிவயிற்று ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். முதல் அறிக்கை எல்லாம் இயல்பு என்கிறது. இரண்டாவது, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) இருக்கலாம் என்கிறது. கருப்பை, சினைப்பை, இந்த உறுப்புகளைக் கீழிருந்து தாங்கும் தசைகளான இடுப்புத் தளம் ஆகியவற்றுக்கு எடுக்கும் படங்களின் தரத்தை உயர்த்த என்ன வழி, புதிய இயந்திரம் வாங்கினால் தீர்ந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இத்தகைய படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் தொழில். என்னைக் கேட்டால் இயந்திரத்தை மூன்றாவது இடத்தில்தான் வைப்பேன். எதைத் தேடுகிறோம் என்பது முதலாவது. தேடுபவர் எப்படித் தேடுகிறார், எவ்வளவு நேரம் தேடுகிறார் என்பது அடுத்தது. இவை இரண்டும் சரியாக இல்லாத இடத்தில் புதிய இயந்திரம் பளிச்சென்ற படங்களைத் தரும்; அறிக்கை மட்டும் பழையபடியே இருக்கும்.

இதற்கு இத்துறையின் தொடக்கமே சாட்சி. 1958இல் கிளாஸ்கோ நகரத்து மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் இயன் டொனால்ட், ஜான் மெக்விகர், பொறியாளர் டாம் பிரவுன் ஆகியோருடன் சேர்ந்து, வயிற்றுக் கட்டிகளை ஒலி அலைகளால் ஆராய்வது பற்றி லான்செட் இதழில் கட்டுரை வெளியிட்டார். அந்தப் படங்களை இன்று பார்த்தால் வெறும் கறுப்பு வெள்ளைக் கீறல்களாகத் தோன்றும். ஆனால் அவர்கள் பார்த்த நோயாளிகளில் ஒரு பெண்ணுக்கு, அறுவை செய்ய இயலாத இரைப்பைப் புற்றுநோய் என்று முடிவு கட்டியிருந்தார்கள். ஸ்கேனில் தெரிந்ததோ நீர் நிறைந்த பெரிய சினைப்பைக் கட்டி. அதை அகற்றினார்கள், அவர் பிழைத்தார். ‘உள்ளே இருப்பது திடமா, நீரா?’ என்ற கேள்வி கூர்மையாக இருந்ததால் அந்தக் கரடுமுரடான படமே போதுமானதாக இருந்தது. இன்று நேர்மாறான நிலையை அடிக்கடி பார்க்கிறேன்: அற்புதமான படம், கூடவே ‘அடிவயிற்று வலி’ என்ற இரண்டே சொற்களோடு வந்த பரிந்துரைச் சீட்டு.

சீட்டில் என்ன இருக்க வேண்டும்? வயது, கடைசி மாதவிடாய் தொடங்கிய நாள், மாதவிடாய் நின்றுவிட்டதா, ஹார்மோன் மாத்திரை அல்லது கருத்தடைச் சாதனம் உண்டா, முன்பு என்ன அறுவை நடந்தது, வலி எப்போது வருகிறது, மலம் கழிக்கும்போதோ உடலுறவின்போதோ வலிக்கிறதா. இவற்றில் ஒன்று விடுபட்டாலும் ஒரே படத்துக்குப் பொருள் மாறிவிடும். எண்டோமெட்ரியம் எனப்படும் கருப்பையின் உட்படலம் 10 மி.மீ. இருந்தால், மாதவிடாய்ச் சுழற்சியின் பிற்பகுதியில் இருக்கும் பெண்ணுக்கு அது சாதாரணம். மாதவிடாய் நின்று சில ஆண்டுகளுக்குப் பின் இரத்தப்போக்கு கண்டவருக்கு அதே 10 மி.மீ. திசுப் பரிசோதனைக்குக் காரணம்.

நாளும் முக்கியம். உட்படலத்தில் பாலிப் எனும் சிறு சதை வளர்ச்சி உண்டா என்று பார்க்க, மாதவிடாய் முடிந்த உடனே வரும் நாட்கள் ஏற்றவை. படலம் மெல்லியதாக இருப்பதால் பாலிப் தனித்துத் தெரியும். சந்தேகம் தீராவிட்டால் கருப்பைக்குள் சில மில்லி லிட்டர் உப்புநீரைச் செலுத்திப் பார்த்தால், பாலிப்பைச் சுற்றி நீர் சூழ்ந்து அதன் காம்பு உட்பட வெளிப்படும். கருப்பையின் பிறவி வடிவக் குறைபாட்டை, அதாவது நடுவே தடுப்புச் சுவர் இருக்கிறதா அல்லது கருப்பையே இரு கொம்பாகப் பிரிந்திருக்கிறதா என்பதை, முப்பரிமாண ஸ்கேனில் பார்ப்பதற்குச் சுழற்சியின் பிற்பாதி நல்லது. அப்போது தடித்த படலமே குழியின் வடிவத்தை வரைந்து காட்டிவிடும். சினைப்பையில் 4 செ.மீ. அளவில் இரத்தக் கசிவுள்ள நீர்க்கட்டியோ, கருமுட்டை வெளியேறியபின் எஞ்சும் கார்பஸ் லூட்டியமோ தெரிந்து குழப்பம் தந்தால், சில வாரங்கள் கழித்து மாதவிடாய் முடிந்த கையோடு மறுபடி பார்ப்பதே மிகச் சிறந்த ‘தர உயர்வு’. பெரும்பாலும் அது இருந்த சுவடே இருக்காது.

சிறுநீர்ப்பை விஷயத்தில் நோயாளிகள் படும் பாடு அநியாயம். வயிற்றின் மேலிருந்து பார்க்கும் ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்பது சரிதான். வாயு நிறைந்த குடல் சுருள்களை அது மேலே தள்ளிவிடும். ஒலி அலை சிதறாமல் நீர் வழியே கருப்பை வரை போகும். ஆனால் நிறைந்தால் போதும், வெடிக்கும் நிலைக்குப் போக வேண்டியதில்லை. கருப்பையின் மேல் நுனியைச் சற்றுத் தாண்டும் அளவு போதுமானது. அளவு மீறினால் கருப்பை நசுங்கும், சினைப்பைகள் ஆழத்துக்குத் தள்ளப்படும், அந்தப் பெண் முட்டிக்கொண்டு வரும் வேதனையில் ஒரு நிமிடம்கூட அசையாமல் படுக்க மாட்டார். பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனுக்கு நேரெதிர்: சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். எண்டோமெட்ரியோசிஸ் தேடும்போது மட்டும் சிறிதளவு சிறுநீர் இருப்பது உதவும். சிறுநீர்ப்பைச் சுவரில் முடிச்சு இருந்தால் அப்போதுதான் தெரியும். எல்லோருக்கும் ‘ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்’ என்று ஒரே வாக்கியத்தைச் சொல்லி அனுப்பும் இடங்கள், எந்த ஸ்கேன், எதற்காக என்று யோசிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இனி ஒலியின் இயற்பியலுக்கு வருவோம். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். அதிர்வெண் கூடினால் நுணுக்கம் கூடும், ஊடுருவும் ஆழம் குறையும். வயிற்றின் மேல் வைக்கும் புரோப், அதாவது ஒலியை அனுப்பிப் பெறும் கைக்கருவி, 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் அளவில் வேலை செய்கிறது, ஏனெனில் தோல், கொழுப்பு, தசை எல்லாவற்றையும் கடந்து போயாக வேண்டும். பிறப்புறுப்பு வழிப் புரோப்புக்குக் கருப்பையும் சினைப்பையும் சில சென்டிமீட்டர் தொலைவில்தான் இருக்கின்றன. ஆகவே 5 முதல் 9 மெகாஹெர்ட்ஸ், சில புரோப்களில் அதற்கு மேலும் பயன்படுத்த முடிகிறது. உடல் பருமன் உள்ளவருக்கும், கருப்பை பின்பக்கம் சாய்ந்திருப்பவருக்கும் இந்த வேறுபாடு மிகப் பெரியது. மேலிருந்து எடுத்த படம் மங்கலாக இருக்கிறது என்று இயந்திரத்தின் விசைகளைத் திருகிக்கொண்டிருப்பதைவிட, அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு உள்வழி ஸ்கேனுக்கு மாறுவது பல மடங்கு பயன் தரும். பெரிய நார்த்திசுக் கட்டிகள், தொப்புள் வரை எழும்பிய சினைப்பைக் கட்டிகள் என்றால் இரண்டும் தேவை. உள்வழிப் புரோப்புக்கு அவ்வளவு மேலே எட்டாது.

சம்மதம் என்று சொன்னதை ஒரு சடங்காகச் சொல்லவில்லை. பயத்தில் இறுகிய தசைகளுக்கு நடுவே புரோப்பை நகர்த்த முடியாது. நகர்த்த முடியாவிட்டால் பக்கவாட்டில் ஒளிந்திருக்கும் சினைப்பை கிடைக்காது. என்ன செய்யப்போகிறோம் என்று முன்பே விளக்குவது, உடன் ஒரு பெண் உதவியாளர் இருப்பது, விரும்பினால் அந்தப் பெண்ணே புரோப்பை உள்ளே வைத்துக்கொள்ள விடுவது, ‘போதும்’ என்றால் அக்கணமே நிறுத்துவோம் என்று உறுதி சொல்வது ஆகிய எல்லாமே படத்தின் தரத்தை நேரடியாக உயர்த்துகின்றன. உள்வழி ஸ்கேன் வேண்டாம் என்பவருக்கும், உடலுறவு அனுபவம் இல்லாதவருக்கும் மலக்குடல் வழியாகவோ, வெளியே, பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பெரினியத்தின் மேல் வைத்தோ பார்க்கும் வழிகள் உண்டு, எம்.ஆர்.ஐ.யும் உண்டு. கட்டாயப்படுத்தி எடுத்த ஸ்கேன் எனக்குத் தெரிந்து ஒருபோதும் நல்ல ஸ்கேனாக இருந்ததில்லை.

விசைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் இயந்திரத்தை வாங்கியபோது தொழிற்சாலை வைத்த அமைப்பிலேயே ஆயுள் முழுதும் ஓட்டுகிறார்கள். பார்க்க வேண்டிய உறுப்பு திரையில் முக்கால் பங்கை நிரப்பும்படி ஆழத்தைக் குறையுங்கள். குவிப்புப் புள்ளியை அந்த உறுப்பின் மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். விசிறிக் கோணத்தைச் சுருக்கினால் ஒரு நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை கூடும். ஹார்மோனிக் முறை நீர்க்கட்டிக்குள் தெரியும் பொய்யான மங்கலை நீக்கும். வெளிச்சத்தை, அதாவது கெயினை, கூட்டிக்கொண்டே போவது பரவலான தவறு. தெளிந்த நீர் சாம்பல் நிறமாகி, சாதாரண நீர்க்கட்டி, பழைய இரத்தம் நிறைந்த எண்டோமெட்ரியோசிஸ் கட்டியான சாக்லேட் சிஸ்ட் போல மாறிவிடும். சிறுநீர்ப்பைக்குள் இருக்கும் நீர் கருமையாகத் தெரிகிறதா என்று பார்த்துக் கெயினைச் சரிசெய்வது எளிய வழி. புரோப்பின் உறைக்குள் ஒரு காற்றுக்குமிழி சிக்கியிருந்தாலும் படத்தில் கறுப்புக் கோடு விழும். உறையைக் கழற்றி மீண்டும் ஜெல் இட்டு மாட்டச் சோம்பல்படக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பல கோணங்களிலிருந்து ஒலியை அனுப்பிச் சராசரி எடுக்கும் காம்பவுண்டிங் முறை படத்தை வழவழப்பாக்கும். நோயாளிக்குக் காட்டினால் அழகாக இருக்கும். ஆனால் அது நிழல்களை மங்கச் செய்கிறது. நார்த்திசுக் கட்டியின் ஓர நிழல், உட்படலத் திசு கருப்பைச் சுவருக்குள் ஊடுருவும் அடினோமயோசிஸில் விசிறி போல விழும் மெல்லிய நிழல் கோடுகள், முடியும் கொழுப்பும் நிறைந்த டெர்மாய்டு கட்டியின் பின்னால் விழும் நிழல் எல்லாம் நோயைக் காட்டிக்கொடுக்கும் தடயங்கள். ஆகவே சந்தேகம் வந்தால் ஒருமுறை அந்த வசதியை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரிலும் இதே கதை. சினைப்பைக் கட்டிக்குள் ஓடும் இரத்தம் மிக மெதுவானது. வேக அளவுகோலை நொடிக்கு 3 முதல் 6 செ.மீ. வரை இறக்கி வைக்காமல் ‘இரத்த ஓட்டம் இல்லை’ என்று எழுதுவது, வலையின் கண்ணைப் பெரிதாக வைத்துவிட்டு மீன் இல்லை என்பதைப் போன்றது. சினைப்பை முறுக்கிக்கொண்ட அவசர நிலையிலோ தவறு வேறு திசையில் நடக்கிறது: டாப்ளரில் ஓட்டம் தெரிந்துவிட்டதால் முறுக்கு இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பகுதி முறுக்கில் ஓட்டம் மிஞ்சியிருக்கும். வீங்கிய சினைப்பை, ஓரத்துக்கு ஒதுங்கிய சிறு நுண்ணறைகள் (முட்டை வளரும் பைகள்), சுழல் போலத் தெரியும் காம்பு ஆகியவற்றைத்தான் நம்ப வேண்டும்.

இயந்திரத்துக்கு நான் மூன்றாம் இடம் கொடுத்ததை மறுப்பவர்கள் பிசிஓஎஸ் (சினைப்பையில் பல சிறு நுண்ணறைகள் தெரியும் ஹார்மோன் கோளாறு; பிசிஓடி என்றும் சொல்வார்கள்) வரலாற்றைக் காட்டலாம். அது நியாயமான வாதம். 2003 ராட்டர்டாம் வரையறையில் ஒரு சினைப்பையில் 12 அல்லது அதற்கு மேற்பட்ட சிறு நுண்ணறைகள் இருந்தால் அது பிசிஓஎஸ் தோற்றம் என்றார்கள். பிறகு புரோப்களின் நுணுக்கம் கூடியது, முன்பு கண்ணில் படாத நுண்ணறைகள் எல்லாம் எண்ணிக்கையில் சேர்ந்தன, நோயே இல்லாத இளம்பெண்கள் பலர் அந்த எல்லையைத் தாண்டினார்கள். 2018 சர்வதேச வழிகாட்டுதல், 8 மெகாஹெர்ட்ஸை உள்ளடக்கிய உள்வழிப் புரோப்பால் பார்த்தால் எல்லை 20 என்று உயர்த்தியது. முதல் மாதவிடாய் வந்து எட்டு ஆண்டுகள் ஆகும்வரை இந்த நோயைக் கண்டறிய ஸ்கேன் வேண்டாம் என்றும் சொன்னது, ஏனெனில் அந்த வயதில் பல நுண்ணறைகள் இருப்பது இயல்பு. மேலிருந்து பார்க்கும் ஸ்கேனில் எண்ணிக்கையை நம்ப முடியாது. அங்கே சினைப்பையின் கன அளவு 10 மில்லி லிட்டர் அல்லது மேல் என்ற அளவுகோல் பொருந்தும். ஆக, அறிக்கையில் எந்தப் புரோப், எந்த வழி என்று எழுதாமல் ‘பிசிஓடி’ என்று மட்டும் எழுதுவது அரைகுறை அறிக்கை. பதினாறு வயதுப் பெண்ணின் கையில் அந்தச் சொல்லைக் கொடுத்து அனுப்புவது அதைவிட மோசம்.

இப்போது எண்டோமெட்ரியோசிஸ். உங்கள் கேள்விக்குக் காரணமான நோயும் இதுவே, என் வாதம் முழுமையாகப் பொருந்தும் இடமும் இதுவே. உலகச் சுகாதார நிறுவனம் இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு, இந்நோய் இருப்பதாகக் கணக்கிடுகிறது. வழக்கமான அடிவயிற்று ஸ்கேன் கருப்பையையும் இரு சினைப்பைகளையும் அளந்து முடிந்துவிடும். ஆழமாக ஊடுருவும் எண்டோமெட்ரியோசிஸ் குடியிருப்பதோ கருப்பைக்குப் பின்னால் உள்ள தசைநார்களில், மலக்குடலின் முன்சுவரில், சிறுநீர்ப்பையில். யாரும் பார்க்காத இடத்தில் இருக்கும் நோய், எத்தனை உயர்ந்த இயந்திரத்திலும் ‘இயல்பு’ என்றுதான் பதிவாகும்.

2016இல் ‘ஐடியா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் நிபுணர் குழு ஒரு நான்கு படி முறையை வகுத்தது. கருப்பையையும் சினைப்பைகளையும் பார்த்து அடினோமயோசிஸ் அடையாளங்கள், சாக்லேட் சிஸ்ட் உண்டா என்று குறிப்பது முதல் படி. இரண்டாவது, புரோப்பால் மெல்ல அழுத்தி எந்தக் குறிப்பிட்ட இடத்தில் வலிக்கிறது, சினைப்பை நகர்கிறதா, ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று சோதிப்பது. மூன்றாவது, கருப்பையைத் தள்ளும்போது மலக்குடல் அதன் பின்புறமாக வழுக்கி நகர்கிறதா என்று பார்ப்பது. வழுக்காவிட்டால் கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையிலுள்ள பின்குழி ஒட்டி மூடியிருக்கக்கூடும். நான்காவதாக, முன்புறமும் பின்புறமும் முடிச்சுகளைத் தேடி அளப்பது. இந்த நான்கில் இரண்டாவதும் மூன்றாவதும் நிலைப்படத்தில் சிக்காதவை. அசைவில் மட்டுமே தெரியும், நோயாளி ‘அங்கேதான் வலிக்கிறது’ என்று சொல்லும்போது மட்டுமே தெரியும். அதனால் காணொளித் துண்டுகளைச் சேமித்து வைக்க வேண்டும். நான்கு நிலைப்படங்கள் அச்சிட்ட தாளை வைத்துக்கொண்டு வேறொரு மருத்துவர் எதையும் உறுதி செய்ய முடியாது.

இரண்டு சினைப்பைகளும் கருப்பைக்குப் பின்னால் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு இருந்தால் ஒட்டுதல் இருக்கும் என்று உடனே யோசிக்க வேண்டும். சாக்லேட் சிஸ்ட் ஒன்று கிடைத்தவுடன் தேடலை நிறுத்திவிடுவதும் வழக்கமாக நடக்கிறது. அந்தக் கட்டி, ஆழத்தில் இன்னும் இருக்கலாம் என்பதற்கான அறிவிப்பு. ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2022 வழிகாட்டுதலில், வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்க்கும் லேப்ராஸ்கோப்பியை இந்நோயைக் கண்டறியும் இறுதி அளவுகோல் என்ற இடத்திலிருந்து இறக்கியது. படங்களில் ஒன்றும் தெரியாதவர்களுக்கும், மருந்துச் சிகிச்சை பலிக்காதவர்களுக்கும் அதை வைத்துக்கொள்ளலாம் என்றது. அப்படியென்றால் ஸ்கேன் செய்பவரின் பொறுப்பு கூடிவிட்டது என்று பொருள். அதே சமயம், வயிற்று உறையின் மேற்பரப்பில் புள்ளிகளாகப் படரும் வகை எந்த ஸ்கேனிலும் எளிதில் சிக்காது. ஆகவே ‘எண்டோமெட்ரியோசிஸ் இல்லை’ என்று எழுதுவது தவறு. ‘ஆழமான நோய்க்கான அடையாளம் இந்த ஸ்கேனில் தெரியவில்லை’ என்று எழுதுவதே நேர்மையானது.

உங்களிடம் இருக்கும் முரண்பட்ட இரு அறிக்கைகள் பெரும்பாலும் இப்படி உருவானவையாக இருக்கும்: ஒருவர் வழக்கமான ஸ்கேன் செய்திருப்பார், மற்றவர் தேடிப் பார்த்திருப்பார். மூன்றாவது ஸ்கேனுக்கு ஓடுவதற்கு முன், இரண்டின் படங்களையும் காணொளிகளையும், தாளில் இருப்பதை விட்டுவிட்டு மூலக் கோப்புகளாகவே, இந்நோயில் பழகிய ஒருவரிடம் காட்டுங்கள். இரு ஸ்கேன்களும் எந்த வழியில், சுழற்சியின் எந்த நாளில் எடுக்கப்பட்டவை என்பதையும் சொல்லுங்கள்.

சினைப்பைக் கட்டிகளில் தரம் என்பது பெருமளவு மொழியின் தரம். ஒருவர் ‘சிக்கலான கட்டி’ என்று எழுதினால் அறுவை மருத்துவருக்கு அதில் ஒன்றும் இல்லை. 1999இல் டிர்க் டிம்மர்மன், லில் வாலன்டின், டாம் போர்ன் ஆகியோர் தொடங்கிய ஐயோட்டா குழு, கட்டிகளை எப்படி விவரிப்பது என்று 2000இல் பொதுச் சொற்களை வகுத்தது. 2008இல் வந்த அதன் ‘எளிய விதிகள்’, தீங்கற்றதற்கு ஐந்து அடையாளம், புற்றுநோய்க்கு ஐந்து அடையாளம் என்று பிரித்தன. கட்டிகளைப் புற்றுநோய் அபாயத்தின்படி தரம் பிரிக்கும், அமெரிக்க ரேடியாலஜிக் கல்லூரியின் ஓ-ராட்ஸ் முறையும் இந்தப் பாதையில் வந்ததுதான். எந்த முறையைப் பின்பற்றினாலும் சரி, உள்ளே தடுப்புச் சுவர் உண்டா, 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் உயர்ந்த முனைப்பு உண்டா, இரத்த ஓட்டத்துக்கு ஒன்று முதல் நான்கு வரை எந்த மதிப்பெண் என்று எழுதினால் போதும். படிப்பவர் தானே முடிவெடுப்பார்.

எம்.ஆர்.ஐ. பற்றி, அதன் காந்த வலிமையைக் குறிப்பிட்டு, ‘3 டெஸ்லா இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டுமா?’ என்று கேட்பவர்கள் அதிகம். தேவையில்லை. ஒழுங்காக எடுத்த 1.5 டெஸ்லா படம், கவனமின்றி எடுத்த 3 டெஸ்லா படத்தைத் தோற்கடித்துவிடும். அடிவயிற்று எம்.ஆர்.ஐ.யின் பெரிய எதிரி குடலின் அசைவு. நான்கு முதல் ஆறு மணி நேரம் உணவு தவிர்ப்பதும், குடலை அமைதிப்படுத்த ஹயோசின் பியூட்டைல்புரோமைடு ஊசி போடுவதும் படத்தை வேறொன்றாக மாற்றிவிடும். கண் அழுத்த நோயின் ஒரு வகை, சில இதயத் துடிப்புக் கோளாறுகள் உள்ளவர்களுக்கு அந்த ஊசி கூடாது என்பதால் முன்பே கேட்டறிய வேண்டும். வயிற்றின் முன்சுவர்க் கொழுப்பிலிருந்து வரும் சைகையை அடக்க அதன் மேல் ஒரு பட்டை வைப்பது, சிறுநீர்ப்பை மிதமாக நிறைந்திருப்பது ஆகியவை சிறிய வேலைகள், பெரிய பலன்கள்.

படத்தின் தளமும் முக்கியம். கருப்பை உடலின் நேர்க்கோட்டில் நிற்பதில்லை. முன்னோ பின்னோ பக்கமோ சாய்ந்திருக்கும். ஆகவே நீரை வெளுப்பாகக் காட்டும் டி2 வகைப் படங்களை 3 அல்லது 4 மி.மீ. மெல்லிய துண்டுகளாக, கருப்பையின் அச்சுக்கு ஏற்பச் சாய்த்து எடுக்க வேண்டும். கருப்பைவாய்ப் புற்றுநோயில் இது உயிர்நாடியான விஷயம். கருப்பைவாய்க்குச் செங்குத்தாக எடுக்காவிட்டால், நோய் பக்கத் திசுவுக்குப் பரவியதா என்பதில் ஏமாற்றம் வரும். அந்தப் புற்றுநோயின் நிலையைத் தீர்மானிப்பதில் படங்களின் முடிவையும் சேர்க்கலாம் என்று சர்வதேச மகப்பேறு, மகளிர் மருத்துவக் கூட்டமைப்பான ஃபிகோ 2018இல் மாற்றிய பிறகு, தவறான தளத்தில் எடுத்த படம் தவறான சிகிச்சையாகவே முடியலாம். இன்னொரு நுணுக்கம்: சாக்லேட் சிஸ்டையும் டெர்மாய்டையும் பிரித்தறிய, கொழுப்பும் பழைய இரத்தமும் வெளுப்பாகத் தெரியும் டி1 படத்தில் கொழுப்பை மட்டும் தேர்ந்து அடக்கி எடுப்பது கட்டாயம். இதற்குப் பதிலாக ஸ்டிர் எனும் வேறொரு கொழுப்பு அடக்கும் முறையைப் பயன்படுத்தினால் பழைய இரத்தமும் கொழுப்பைப் போலவே கறுத்துப்போகக்கூடும். பிரித்தறிவதற்கான ஒரே சான்றை நாமே அழித்துவிடுவோம்.

சி.டி. ஸ்கேன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திடீர் வயிற்று வலியில் குடல்வால், கல் போன்றவற்றைத் தேடவும் புற்றுநோய்ப் பரவலைப் பார்க்கவும் அது உதவும். கருப்பைச் சுவரையும் சினைப்பையின் உட்புறத்தையும் நுணுக்கமாகப் பார்க்க அது ஏற்றதல்ல.

மறந்துபோகும் பகுதி ஒன்று உண்டு: இடுப்புத் தளம். கருப்பை இறக்கம், சிறுநீர்க் கசிவு, மலம் கழிப்பதில் சிக்கல் என்று வரும் பெண்களுக்கு வழக்கமான ஸ்கேனில் எதுவும் தெரியாது, ஏனெனில் படுத்து ஓய்வில் இருக்கும்போது உறுப்புகள் இடத்துக்குத் திரும்பிவிடுகின்றன. பெரினியத்தின் மேல் புரோப்பை வைத்து, முக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். குறைந்தது ஆறு நொடி முக்கினால்தான் முழு இறக்கம் வெளிப்படும். பெரும்பாலான பெண்கள் அப்படி முக்குவதில்லை. சிறுநீரோ வாயுவோ வெளியேறிவிடுமோ என்ற கூச்சத்தில் தசையை இறுக்கிக்கொண்டே முக்குகிறார்கள். படத்தில் இறக்கம் பாதியாகத் தெரிகிறது. முதலில் சிறுநீர் கழிக்கச் செய்து, கசிந்தாலும் பரவாயில்லை, அதற்காகத்தான் விரிப்பு போட்டிருக்கிறோம் என்று சொல்லி, இரண்டு மூன்று முறை பழக்கிய பிறகு எடுத்தால் அதே பெண்ணின் படம் முற்றிலும் மாறும். ஆஸ்திரேலியாவில் ஹான்ஸ் பீட்டர் டீட்ஸ் வளர்த்தெடுத்த முறையில், முக்கும்போது தசைகளுக்கு நடுவே உள்ள திறப்பு 25 சதுர செ.மீ. அல்லது மேல் விரிந்தால் அது மிகையான விரிவு. பிரசவத்தில், இடுப்புத் தளத்தின் முக்கியத் தசையான லெவேட்டர் எலும்பிலிருந்து பிய்ந்திருக்கிறதா என்பதற்கோ எதிர்மாறாக, தசையை முழுதும் சுருக்கச் சொல்லி, 2.5 மி.மீ. இடைவெளியில் அடுக்குப் படங்களைப் பார்க்க வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் மலம் கழிக்கும் அசைவைப் பதிவு செய்யும்போதும், படுத்த நிலையில் எடுப்பது இறக்கத்தைக் குறைத்தே காட்டும் என்று அறிக்கையில் குறிப்பிட வேண்டும்.

கருவிப் பராமரிப்பு என்றால் ஆண்டுக்கு ஒருமுறை வரும் பொறியாளரை மட்டும் நினைக்கிறார்கள். புரோப்பின் நூற்றுக்கணக்கான நுண் கூறுகளில் சில இறந்துபோனால் படம் மெல்ல மங்கும். தினமும் பார்ப்பவருக்கு அது பழகிவிடும். ஜெல் இல்லாத, சுத்தமான புரோப்பின் முகப்பில் ஒரு பேப்பர் கிளிப்பின் நுனியை ஓரத்திலிருந்து ஓரம் வரை மெதுவாக நகர்த்துங்கள். திரையில் அதன் சைகை தொடர்ந்து நகர வேண்டும். ஓரிடத்தில் மறைந்தால் அங்கே கூறுகள் பழுது. உறையில் விரிசல், கம்பியில் தேய்மானம் கண்டால் உள்வழிப் புரோப்பை அன்றே நிறுத்திவிட வேண்டும். அங்கே மின் ஆபத்தும் தொற்று ஆபத்தும் சேர்ந்தே வருகின்றன. அறையின் வெளிச்சத்தைக் குறைப்பதற்குச் செலவே இல்லை, இருந்தும் ஜன்னல் வெயிலுக்கு எதிரே திரையை வைத்துக்கொண்டு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

செயற்கை நுண்ணறிவு இதில் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். எம்.ஆர்.ஐ. நேரத்தைக் குறைக்கவும், இரைச்சலை அகற்றவும் ஏற்கெனவே பயன்படுகிறது. குறைந்த நேரம் என்றால் அசைவும் குறையும், அது உண்மையான லாபம். கட்டிகளைத் தரம் பிரிக்கும் மென்பொருள்களும் வளர்கின்றன. ஆனால் அவை தங்களுக்குக் கொடுக்கப்பட்ட படத்தையே படிக்கும். புரோப் போகாத மலக்குடல் சுவரைப் பற்றி அவற்றுக்கு எதுவும் தெரியாது.

ஒரு ஸ்கேன் மையத்தின் தரத்தை உண்மையில் உயர்த்தும் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டுமானால், அறுவை முடிந்தபின் அதன் குறிப்பையும் திசுப் பரிசோதனை முடிவையும் கேட்டு வாங்கிப் பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைச் சொல்வேன். இதற்கு அறுவை மருத்துவரும் ஸ்கேன் செய்பவரும் மாதம் ஒருமுறை ஒரே மேசையில் உட்கார வேண்டும். தவறவிட்ட முடிச்சு எந்த இடத்தில் இருந்தது, அந்த இடத்தை அன்று பார்த்தோமா, பார்த்தும் தெரியவில்லையா என்று பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பார்க்கவே இல்லை என்ற வகை அதிகமாக இருந்தால் ஸ்கேன் முறையை மாற்றி, ஒவ்வொரு நோயாளிக்கும் ஒதுக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும். பார்த்தும் தெரியவில்லை என்பது அதிகமாக இருந்தால், அப்போது புரோப் வாங்குவதைப் பற்றிப் பேசலாம்.